டெர்மினல் எப்படி விடை திருத்துகிறது?

ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய புரோகிராம்களைக் கணினியில் ஓட்டும் நோட்.ஜேஎஸைக் கற்க வருபவர்களுக்காக, நோட்ஸ்கூல் என்ற கற்றல் அமைப்பின் ஆர்வலர்கள் உருவாக்கிய 'லேர்ன்யூநோட்' என்ற இலவசப் பயிற்சித் தொகுப்பு உண்டு. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினல் திரையில் அதன் பெயரைத் தட்டி என்டர் அடித்தால் 13 பயிற்சிகளின் பட்டியல் வரும். ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் கேள்வி விரியும். விடையை எடிட்டரில் எழுதிச் சேமித்து, 'வெரிஃபை' கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால் போதும். சரியா தவறா என்று சில நொடிகளில் தெரிந்துவிடும். அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது?

பெரும்பாலும் அது உங்கள் புரோகிராமை வரிவரியாகப் படிப்பதில்லை, ஓட்டிப் பார்க்கிறது. இரண்டாவது பயிற்சியையே எடுத்துக்கொள்வோம். கட்டளை வரியில், அதாவது டெர்மினலில் புரோகிராமின் பெயருக்குப் பின்னால், வரும் எண்களைக் கூட்டி அச்சிட வேண்டும். திருத்தும் கருவி தானாகச் சில எண்களைத் தேர்ந்து, தன்னிடமுள்ள மாதிரி விடைக்கும் உங்கள் புரோகிராமுக்கும் அதே எண்களைக் கொடுத்து இரண்டையும் ஓட்டுகிறது. இரண்டும் திரைக்கு அனுப்பும் எழுத்துகளை இடைமறித்து வாங்கி, வரிக்கு வரி ஒப்பிடுகிறது. எண்கள் ஒவ்வொரு முறையும் மாறுவதால் விடையை மனப்பாடம் செய்து எழுதிவிட முடியாது.

இங்கேதான் புதியவர்கள் தடுக்கி விழுவார்கள். 3, 4 என்று இரண்டு எண்கள் வந்தால் விடை 7. ஆனால் திரையில் 034 என்று வரும்! அதை அவசரமாக அழித்துவிடாமல் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கட்டளை வரியில் வருவதெல்லாம் புரோகிராமின் கண்ணுக்கு எழுத்துகள்தான். கூட்டுத்தொகைக்குத் தொடக்கத்தில் வைத்த பூஜ்ஜியத்தோடு எழுத்தான 3 ஒட்டிக்கொள்கிறது, அப்புறம் 4 ஒட்டிக்கொள்கிறது. கூட்டல் குறிக்கு எழுத்துகளை ஒட்டும் வேலையும் உண்டு என்பதைப் பத்துப் பக்கம் படித்தாலும் இவ்வளவு தெளிவாகப் புரிந்துகொள்ள முடியாது. எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டினால் 7 வந்துவிடும்.

இப்படி உடனுக்குடன் பதில் கிடைப்பது ஒரு காலத்தில் பெரிய ஆடம்பரம். புரோகிராமைப் பதித்த துளையிட்ட அட்டைகளைக் கொடுத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்தால்தான் ஒரு எழுத்துப்பிழை தெரியவரும். 1964 மே 1 அன்று அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் பேராசிரியர்கள் கெமெனியும் கர்ட்ஸும் பேசிக் என்ற புரோகிராம் மொழியை ஓடவிட்டது, இந்தக் காத்திருப்பிலிருந்து மாணவர்களை விடுவிக்கத்தான். ஒரே கணினியைப் பலரும் ஒரே சமயத்தில் பயன்படுத்தினார்கள்.

ரஸ்ட் என்ற புரோகிராம் மொழிக்கான பயிற்சித் தொகுப்பு 'ரஸ்ட்லிங்ஸ்' இன்னும் ஒரு படி மேலே போகிறது. வெரிஃபை என்று தட்டக்கூடத் தேவையில்லை. கோப்பு மாறுகிறதா என்று அது கண்காணித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் சேமித்ததும் கம்பைல் செய்து, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றி, சோதிக்கும். ஒரு புரோகிராம் முடியும்போது தன்னை ஓட்டியவரிடம் ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் நல்லபடியாக முடிந்தது, வேறு எண் என்றால் கோளாறு. அதை வைத்தே தேர்ச்சியை முடிவுசெய்யலாம்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். வெளியே வரும் விடை சரியாக இருந்தால், உள்ளே எவ்வளவு சுற்றி வளைத்து எழுதியிருந்தாலும் கருவி விட்டுவிடும். அதனால் தேர்ச்சி பெற்றதும் லேர்ன்யூநோட் காட்டும் மாதிரி விடையைத் தாண்டிப் போகாதீர்கள். நிதானமாகப் படியுங்கள், என் கணக்கில் பாதிப் படிப்பு அதில்தான் இருக்கிறது.

சரி, தானாக முடியவே முடியாத புரோகிராமை எப்படித் திருத்துவது? பத்தாவது பயிற்சி அப்படிப்பட்டதுதான். இணைப்பவருக்குத் தேதியையும் நேரத்தையும் அனுப்பும் சர்வர் ஒன்றை எழுத வேண்டும். கருவி ஒரு போர்ட் எண்ணை (இணைப்பு வந்துசேரும் வாசலின் எண்) கொடுத்து உங்கள் சர்வரை ஓடவிட்டு, தானே வாடிக்கையாளராகப் போய் இணைந்து, கிடைத்த வரியை ஒப்பிடுகிறது. ஜாவாஸ்கிரிப்டில் மாதங்கள் பூஜ்ஜியத்தில் தொடங்குவதால், மே மாதத்தில் ஓட்டினால் முதலில் 4 என்றுதான் போகும். ஒன்றைக் கூட்டி, முன்னால் ஒரு பூஜ்ஜியமும் வைத்து 05 என்று அனுப்பினால்தான் அடுத்த பயிற்சி.