தற்காப்புத் துப்பாக்கி உரிமம்: தென்னாப்பிரிக்கச் சட்டம் என்ன கேட்கிறது?

சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் போன்ற டர்பன் பகுதிகளில், வீட்டில் துப்பாக்கி இருப்பதே ஆபத்து என்று கருதும் பெரியவர்களையும், 2021 ஜூலைக் கலவரத்துக்குப் பின் அது இல்லாமலிருப்பதுதான் ஆபத்து என்று வாதிடும் பிள்ளைகளையும் ஒரே குடும்பத்தில் காணலாம். இருவரும் பெரும்பாலும் கவனிக்காதது, சட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்பதைத்தான். அமெரிக்க அரசமைப்பு ஆயுதம் வைத்திருப்பதை 1791 முதல் உரிமையாக ஏற்கிறது. இங்கே அது அடிப்படை உரிமையன்று, சட்டம் வரையறுக்கும் சலுகையே என்று அரசமைப்பு நீதிமன்றம் 2018இல் கூறிவிட்டது.

2000ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தற்காப்பு உரிமத்தைப் பற்றியது. தற்காப்புக்குத் துப்பாக்கி தேவை என்பதோடு, அத்தேவையை வேறு வழியில் நியாயமான முறையில் நிறைவேற்ற முடியாது என்பதையும் விண்ணப்பதாரர் விளக்க வேண்டும். வாசலில் அலாரமும், ஆயுதமேந்திய தனியார் காவலர்கள் உதவிக்கு வருவார்கள் என்னும் 'ஆர்ம்டு ரெஸ்பான்ஸ்' பலகையும் இருக்கும்போது அவை ஏன் போதவில்லை என்ற கேள்விக்குப் பதில் இருக்க வேண்டும். "ஊரில் குற்றம் பெருகிவிட்டது" என்ற ஒற்றை வரி போதாது என்பதே என் கருத்து. இரவுப் பணி, பணத்தோடு பயணம், காவல் நிலையத்தில் பதிவான முந்தைய தாக்குதல் எனத் தன் சொந்த நிலையை ஒருவர் எழுத வேண்டும். இப்பிரிவின் கீழ் ஒருவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் உரிமம் கிடைக்கும். அது ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும்.

அதற்கு முன்பே தகுதிச் சான்றிதழ் பெற வேண்டும். விண்ணப்பதாரருக்குப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பயிற்சியையும் தேர்வையும் முடிக்க வேண்டும். துப்பாக்கியைப் பூட்டி வைக்கத் தகுந்த பெட்டகமும் வேண்டும். வெளியே எடுத்துச் செல்லும் கைத்துப்பாக்கி உறையில், வெளியே தெரியாதவாறு முழுவதும் மறைந்து, உடையவரின் நேரடிக் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு கடைக்குப் போவது சட்டமீறல்.

தாத்தாவின் துப்பாக்கி பேரனுக்குத் தானாக வந்து சேராது. அவர் இறந்த பின் வாரிசு தன் பெயரில் தனி உரிமம் பெற வேண்டும். நகையைப்போல் பீரோவில் வைத்துக்கொண்டால் அது உரிமமற்ற ஆயுதம்.

புதுப்பிக்கும் விண்ணப்பத்தை உரிமம் காலாவதியாவதற்குக் குறைந்தது 90 நாட்களுக்கு முன்பே, உள்ளூர்க் காவல் நிலையத்தில் துப்பாக்கிகளுக்குப் பொறுப்பான அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும்.