பைனலுக்கு முந்தைய நாள் எங்களை அழைக்காதீர்கள்

விளையாட்டு உளவியல் துறையில் இருப்பவர்களுக்கு அடிக்கடி வரும் தொலைபேசி அழைப்பு ஒன்று உண்டு. "சார், நாளைக்கு பைனல். பையன் ரொம்பப் பதற்றமா இருக்கான். ஒரு பத்து நிமிஷம் தைரியமாப் பேசிவிடுங்க." பேசுபவர் அப்பாவாக இருப்பார், கோச்சாக இருப்பார், சில நேரம் கிளப் நிர்வாகியாக இருப்பார். அவர்களுடைய அக்கறை உண்மையானது. ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. முன்பின் தெரியாத ஒருவர் கடைசி நேரத்தில் வந்து புத்தி சொன்னால், "நம்மிடம் ஏதோ கோளாறு இருக்கிறது போல" என்று அந்தப் பையன் நினைத்துக்கொள்ளவும் கூடும்.

கால் தசையைப் பைனலுக்கு முந்தைய இரவில் யாரும் வளர்க்க முயல்வதில்லை. கவனத்துக்கும் பதற்றத்தைக் கையாளும் திறனுக்கும் அதே அளவு காலம் வேண்டும் என்பது மட்டும் ஏனோ பலருக்கு உறைப்பதில்லை.

நெருக்கடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். நன்கு பழகிய வீராங்கனைக்கு சர்வீஸ் போட யோசனை தேவையில்லை. கை தானாகச் செய்யும். தோற்றுவிடுவோமோ என்ற பயம் வந்ததும், கை செய்துகொண்டிருந்த வேலையை மூளை மேற்பார்வை பார்க்கத் தொடங்குகிறது. மணிக்கட்டு சரியாக இருக்கிறதா, தோள் உயர்ந்துவிட்டதா என்று ஒவ்வொன்றாகச் சோதிக்கிறது. கோர்வையாக ஓடிய அசைவு துண்டு துண்டாகிறது. பயிற்சியில் எல்லோரையும் வென்று, போட்டியில் 18-18 ஆனதும் சர்வீஸை நெட்டில் அடிக்கும் பேட்மிண்டன் பிள்ளைகளை நிறையப் பார்க்கிறேன். அவர்களிடம் "பயப்படாதே" என்று சொல்வதில் ஒரு பயனும் இல்லை. பயப்படக் கூடாது என்பது கண்காணிக்க வேண்டிய இன்னொரு விஷயமாகிவிடும், அவ்வளவுதான்.

நாங்கள் செய்வது வேறு. பயிற்சி ஆட்டத்தையே 18-18இலிருந்து தொடங்கச் சொல்வோம். தோற்றவருக்கு ஒரு சிறு விலை வைப்போம், சுற்றிலும் ஆட்களை நிற்கவைத்துச் சத்தம் போடச் சொல்வோம். சர்வீஸுக்கு முன் ஒரு மாறாத வரிசையை அந்த வீராங்கனையே அமைத்துக்கொள்வாள்: மூச்சை இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுவது, ஷட்டில் விழ வேண்டிய இடத்தைப் பார்ப்பது, உடனே அடிப்பது. வாரக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்த பிறகே அது நெருக்கடியில் கைகொடுக்கும். கால்பந்து பெனால்டி உதைகளை நெடுங்காலம் ஆராய்ந்த நார்வே நாட்டு ஆய்வாளர் கெய்ர் யோர்டெட், விசில் ஊதியதும் அவசரமாக ஓடி உதைப்பவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள் என்று காட்டியிருக்கிறார். சங்கடம் சீக்கிரம் முடிந்தால் போதும் என்ற தவிப்புதான் அந்த அவசரம். நிதானத்தையும் பழகித்தான் பெற வேண்டும்.

2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 200 மீட்டர் பட்டர்ஃபிளை இறுதியில் மைக்கேல் ஃபெல்ப்ஸின் நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசிப் பகுதியில் அவருக்குக் கிட்டத்தட்ட எதுவும் தெரியவில்லை. கைவீச்சுகளை எண்ணியபடியே நீந்தி, 1 நிமிடம் 52.03 விநாடிகளில் உலக சாதனையோடு தங்கம் வென்றார். அவரும் பயிற்சியாளர் பாப் போமனும் வெற்றியை மட்டும் மனத்தில் ஓட்டிப் பார்க்கவில்லை; எது எது கெட்டுப்போகலாம் என்பதையும் ஓட்டிப் பார்த்துப் பழகியிருந்தார்கள். மனக்காட்சிப் பயிற்சி என்றதும் பதக்க மேடையை நினைத்துக் கண்மூடி உட்காருவது என்று பலர் எண்ணுகிறார்கள். அதைவிடக் கண்ணாடி உடைந்தால் என்ன செய்வது என்பதை நினைத்துப் பார்ப்பது ஆயிரம் மடங்கு பயனுள்ளது.

2024இல் 18 வயதில் உலக செஸ் சாம்பியனான குகேஷ், டிங் லிரனுக்கு எதிரான தொடரின் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்; மூன்றாவது ஆட்டத்தில் வென்று சமன்செய்தார். அவருடன் பணியாற்றிய பேடி அப்டன், 2011இல் உலகக் கோப்பை வென்ற இந்திய கிரிக்கெட் அணியின் மனத்திறன் பயிற்சியாளராகவும் இருந்தவர். குகேஷுடன் அவர் வேலையைத் தொடங்கியது தொடர் ஆரம்பித்த பிறகு அல்ல, அதற்கு வெகு முன்பே. நான் சொல்ல விரும்புவது அதைத்தான்.

குறுக்குவழி தேடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. கை நடுக்கத்தையும் படபடப்பையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துப்பாக்கி சுடுதல், வில்வித்தை போன்ற விளையாட்டுகளில் தடைசெய்யப்பட்டவை. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் இரண்டு பதக்கங்கள் வென்ற வடகொரிய வீரர் கிம் ஜோங் சு, அத்தகைய மருந்தான புரோப்ரனலால் உடலில் கண்டறியப்பட்டதால் இரண்டையும் இழந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தந்த மாத்திரை என்றாலும், வேறு நோய்க்காகக் குடும்ப மருத்துவர் எழுதித் தந்தது என்றாலும், ஊக்கமருந்துப் பட்டியலைப் பார்க்காமல் விழுங்கக் கூடாது.

அடுத்து, இந்தத் தொழிலில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடத்துக்கு வருகிறேன். நாம் யாருக்காக வேலை செய்கிறோம்? 1925இல் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு ஆய்வுக்கூடம் தொடங்கிய கோல்மன் கிரிஃபித்தை, 1938இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணியின் உரிமையாளர் வேலைக்கு வைத்துக்கொண்டார். வீரர்களைக் கவனித்து உரிமையாளருக்கு அறிக்கை எழுதுவது கிரிஃபித்தின் பணி. அணியின் மேலாளர்கள் கடைசிவரை அவரை ஏற்கவே இல்லை. இந்தத் துறையின் முன்னோடி அவர், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தான் சொல்வதெல்லாம் மேலே போகிறது என்று தெரிந்த பிறகு எந்த வீரர் மனம் திறப்பார்?

இன்றும் அதே கேள்வி வேறு வடிவில் வருகிறது. கட்டணம் செலுத்துவது கிளப்; அறையில் உட்கார்ந்து பேசுவது வீரர். "இவனை சனிக்கிழமை இறக்கலாமா?" என்று கோச் இயல்பாகக் கேட்பார். நான் பதில் சொல்வதில்லை. தேர்வு அவருடைய வேலை. அதில் என் வாய் நுழைந்த அன்றே அணியில் யாரும் என்னிடம் உண்மை பேசமாட்டார்கள். அதனால் முதல் சந்திப்பிலேயே, எல்லோரும் இருக்கும்போதே, எது என்னோடு நிற்கும், எது வெளியே போகும் என்று எழுத்தில் வைத்துவிடுகிறேன். உயிருக்கு ஆபத்து, பிள்ளைகள் மீதான துன்புறுத்தல் இரண்டும் தெரியவந்தால் ரகசியம் காக்க முடியாது. மற்றவை வீரர் அனுமதித்தால் மட்டுமே. பெற்றோருக்கு இது முதலில் கசக்கும். "என் பிள்ளை என்ன சொன்னான்னு எனக்கே சொல்லமாட்டீங்களா?" என்று கேட்ட அம்மாக்கள் உண்டு. அவர்களுடைய வருத்தம் புரிகிறது. ஆயினும் 14 வயதுப் பிள்ளைக்கு, மதிப்பெண்ணோ பதக்கமோ பேச்சில் வராத ஒரு மணி நேரம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அந்த அறையில் தினமும் பார்க்கிறேன்.

செயல்திறன் பிரச்சினை எங்கே முடிகிறது, நோய் எங்கே தொடங்குகிறது என்று அறிவதும் வேலையின் பெரும்பகுதி. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலையில் ஜிம்னாஸ்டிக்ஸ் அணிகளின் இறுதியில் ஒரே ஒரு வால்ட் (ஓடிவந்து எம்பிக் காற்றில் சுழலும் தாவல்) முடித்துவிட்டு அமெரிக்க வீராங்கனை சிமோன் பைல்ஸ் விலகியபோது, துணிச்சல் போதவில்லை என்று பேசியவர்கள் இருந்தார்கள். உண்மையில், காற்றில் சுழலும்போது உடல் எந்தத் திசையில் இருக்கிறது என்ற உணர்வே அறுந்துபோயிருந்தது. அந்த நிலையில் தொடர்வது கழுத்தெலும்பைப் பணயம் வைப்பது. மூன்றாண்டு கழித்து பாரிஸில் அவர் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். விலகச் சொல்லித் தருவதும் எங்கள் வேலைதான்.

வாரக்கணக்கில் தூக்கமின்மை, சாப்பாட்டை மறைத்துத் தவிர்ப்பது, பிடித்த விளையாட்டிலேயே வெறுப்பு, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தெரிந்தால் அது செயல்திறன் பயிற்சிக்கான நேரம் அல்ல. மனநல மருத்துவரிடம் அன்றே அழைத்துச் செல்ல வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழுவே வீரர்களின் மனநலத்தை மதிப்பிட ஒரு முறையான கருவியை வெளியிட்டிருக்கிறது. அணி மருத்துவர்கள் அதைச் சீசன் தொடக்கத்திலேயே பயன்படுத்தலாம்.

இத்துறைக்கு வர விரும்பும் மாணவர்கள் கேட்பதுண்டு. உளவியலில் இளநிலை, பிறகு விளையாட்டு உளவியலிலோ மருத்துவ உளவியலிலோ முதுநிலை, அதன்பின் மூத்தவர் ஒருவரின் மேற்பார்வையில் நீண்ட பயிற்சி. அமெரிக்காவை மையமாகக் கொண்ட பயன்பாட்டு விளையாட்டு உளவியல் சங்கம் தன் சான்றிதழுக்கு 400 மணி நேர மேற்பார்வைப் பயிற்சி கேட்கிறது. பிரிட்டனில் விளையாட்டு மற்றும் உடற்பயிற்சி உளவியல் நிபுணர் என்ற பட்டம் சட்டப் பாதுகாப்புள்ளது. பதிவு செய்யாதவர் போட்டுக்கொள்ள முடியாது. 'செயல்திறன் பயிற்சியாளர்' என்ற பெயருக்கு அப்படி ஒரு வேலி இல்லை. நல்லவர்களும் அந்தப் பெயரில் இருக்கிறார்கள், வார இறுதி வகுப்பு ஒன்றை முடித்தவர்களும் இருக்கிறார்கள். முழுநேரப் பணியிடங்கள் குறைவு. தொடக்கத்தில் கல்லூரி வகுப்பு, ஆலோசனை என்று சேர்த்துத்தான் வருமானம். இசைக் கலைஞர்கள், நடனக் கலைஞர்கள், அறுவை மருத்துவர்கள் என்று விளையாட்டுக்கு வெளியிலும் இப்போது அழைப்பு வருகிறது. மைதான ஓரத்தில் பேசாமல் மணிக்கணக்கில் நின்று கவனிக்கப் பிடிக்காதவர்களுக்கு இது ஒத்துவராது.

பிள்ளைக்காக ஒருவரைத் தேடும் பெற்றோர் அவரிடம் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: எங்கே படித்தீர்கள், உங்களை யார் மேற்பார்வை செய்கிறார்கள், உங்களால் முடியாத நிலையில் யாரிடம் அனுப்புவீர்கள். மூன்றாவது கேள்விக்குத் தயங்காமல் ஒரு மருத்துவரின் பெயர் வர வேண்டும். வந்தால், சீசன் தொடங்க இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே முதல் சந்திப்பை வைத்துக்கொள்ளுங்கள்.