இரண்டாவது கிளி முதலில் குரலாக வரட்டும்

நாம் பக்கத்து அறைக்குப் போனதும் வீட்டுக் கிளி கத்தத் தொடங்கும். இங்கிருந்து ஒரு குரல் கொடுத்தால் அடங்கிவிடும். அது அடமில்லை. அடர்ந்த இலைகளுக்குள் ஒன்றையொன்று பார்க்க முடியாத காட்டுக் கிளிகளும் இப்படித்தான் 'நான் இங்கே, நீ எங்கே?' என்று அழைப்பொலி எழுப்பிக் கூட்டம் கலையாமல் பார்த்துக்கொள்கின்றன. அந்த ஒலியில் ஆள் அடையாளமும் உண்டு. வெனிசுவேலாவின் குட்டிக்கிளி இனம் ஒன்றை ஆராய்ந்த கார்ல் பெர்க்கின் குழு, குஞ்சுகள் தங்களுக்கான தனி அழைப்பொலியைப் பெற்றோரிடமிருந்தே கற்கின்றன என்று 2011இல் காட்டியது. கிட்டத்தட்ட பெயர் சூட்டுவது மாதிரிதான்.

கூட்டத்துக்கென்றே உருவான இந்தப் பறவைக்குத் தனிமை உடம்பையே பாதிப்பதாகத் தெரிகிறது. 45 ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிகளின் ரத்தத்தை ஆஸ்திரிய ஆய்வாளர்கள் சோதித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். குரோமோசோம் நுனிகளைக் காக்கும் டெலோமியர், வயதாக ஆகக் குட்டையாகும். ஜோடியாக இருந்தவற்றைவிடத் தனியாக இருந்த கிளிகளுக்கு அது குட்டையாக இருந்தது.

சரி, இன்னொரு கிளியை வாங்கி அதே கூண்டில் விட்டுவிடலாமா? தயவுசெய்து வேண்டாம். பழைய கிளிக்கு அந்தக் கூண்டு அதன் எல்லை. வளர்ப்பவரையே அது துணையாக நினைத்திருக்கலாம். வெளியே கம்பியில் வந்து உட்காரும் புதுக்கிளியின் கால் விரலைக்கூட உள்ளிருந்தே கடித்துவிடும். கிளியின் அலகு கொட்டையை உடைப்பது. விரல் துண்டாகக்கூடப் போகலாம்.

நோய் இன்னொரு காரணம். கிளிக் காய்ச்சல் பாக்டீரியாவும், இறகையும் அலகையும் சிதைக்கும் வைரஸும் காய்ந்த எச்சத்தூளிலும் இறகுத் தூசியிலும் பரவும். பார்வைக்கு நலமாக இருக்கும் பறவையிடமும் இவை இருக்கலாம். காய்ச்சல் மனிதருக்கும் தொற்றும். அதனால் 30 முதல் 45 நாள் வரை தனி அறை, மூடிய கதவு, பறவை மருத்துவரிடம் பரிசோதனை. தினமும் பழைய கிளியைக் கவனித்த பிறகே புதியதிடம் போக வேண்டும்.

இந்தக் காத்திருப்பு வீண் இல்லை. கதவு தூசியைத் தடுக்கும், குரலைத் தடுக்காது. இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றாக விடப்படும் பட்ஜெரிகர் என்ற சின்னக் கிளிகள் சில வாரங்களில் தங்கள் அழைப்பொலிகளை ஒன்றுபோல மாற்றிக்கொள்கின்றன. கிளிகளுக்கு உறவு காது வழியாகவும் வளர்கிறது.

அப்புறம் ஒரே அறையில் தள்ளித் தள்ளி இரண்டு கூண்டுகள். பிறகு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில், நம் கண் முன்னே சந்திப்பு. இறகை உடம்போடு ஒட்டி, கண்ணின் பாவை விரிந்து விரிந்து சுருங்கினால் உடனே பிரித்துவிடுங்கள். சில ஜோடிகள் கடைசிவரை தனித்தனிக் கூண்டிலேயே இருக்கும். அதுவும் துணைதான்.

ஒத்துப்போனால் ஒருநாள் ஒன்று தலையைக் குனிந்து கழுத்து இறகைச் சிலிர்த்து நிற்கும். முளைக்கும் புது இறகுகள் உறைக்குள் முள் மாதிரி நீட்டிக்கொண்டு அரிக்கும். உடம்பெல்லாம் எட்டும் சொந்த அலகு தலைக்கு மட்டும் எட்டாது. அங்கே மற்றொன்று வந்து, கொட்டை உடைக்கும் அதே அலகால், ஒவ்வோர் உறையாக மெல்ல உரித்துவிடும்.