கரு கலைந்தால் கணவருக்கும் ஏன் பரிசோதனை?

இரண்டு மூன்று முறை கரு கலைந்த பிறகு கேரியோடைப் பரிசோதனைக்கு (ரத்த செல்களில் குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் அமைப்பையும் பார்ப்பது) எழுதிக் கொடுத்தால், எங்கள் ஆய்வகத்துக்குப் பல நேரம் மனைவி மட்டும்தான் வருகிறார். “அவனுக்கு எதுக்கு டெஸ்ட், நல்லாத்தானே இருக்கான்” என்பார் கூட வந்த மாமியார். நல்லாத்தான் இருப்பார். ஆனால் நாங்கள் தேடுவது நோயை அல்ல.

ஒரு செல்லில் உள்ள டி.என்.ஏ.வை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் புரதங்களைச் சுற்றிச் சுற்றி மடிந்து, தாய் வழியில் 23, தந்தை வழியில் 23 என 46 குரோமோசோம்களாக அடங்கியிருக்கிறது. செல் பிரியப்போகும் சமயத்தில்தான் அவை இறுகித் தனித்தனியாகத் தெரியும். அதனால்தான் ரத்த செல்களை மூன்று நாள் வளர்த்து, பிரியும் கட்டத்தில் மருந்து போட்டு நிறுத்தி, சாயமேற்றிப் பார்க்கிறோம். மைக்ரோஸ்கோப்பில் ஒவ்வொரு குரோமோசோமிலும் கறுப்பும் வெளுப்புமாகப் பட்டைகள் தெரியும். ஒவ்வொன்றையும் அதன் ஜோடியோடு வைத்து, பட்டை பட்டையாக ஒப்பிடுவோம்.

எண்ணிக்கை 46 இருந்தால் மட்டும் போதாது. ஒன்றின் துண்டு இன்னொன்றிலும், அதன் துண்டு இதிலுமாக இடம் மாறி ஒட்டியிருக்கலாம். எதுவும் கூடவில்லை, குறையவில்லை என்பதால் அவருக்கு ஒரு தொந்தரவும் இராது. ஆனால் விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது ஒரு துண்டு கூடுதலாகவோ குறைவாகவோ போய்ச் சேரலாம். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் தங்காது. திரும்பத் திரும்பக் கரு கலையும் தம்பதிகளில் 100-க்கு 2 முதல் 5 ஜோடிகளில், இருவரில் ஒருவருக்கு இந்த இடமாற்றம் இருக்கிறது. அந்த ஒருவர் கணவராகவும் இருக்கலாம். அதனால் மனைவியின் ரிப்போர்ட் சரியாக வந்ததோடு நிறுத்திவிடாதீர்கள்.

சிலருக்கு 14-ம் எண் குரோமோசோமும் 21-ம் எண் குரோமோசோமும் ஒன்றோடொன்று ஒட்டி மொத்தமே 45 இருக்கும், அவர்களும் ஆரோக்கியமானவர்களே. ஆனால் பிறக்கும் குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் (21-ம் குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் வளர்ச்சிக் குறைபாடு) வரலாம். அந்த இடமாற்றம் தாய்க்கு இருந்தால் வாய்ப்பு அதிகம், தந்தைக்கு இருந்தால் குறைவு. எனவே டவுன் சிண்ட்ரோம் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தாலும் குழந்தைக்குக் கேரியோடைப் அவசியம். 21 தனியாக ஒன்று கூடியிருந்தால் பெற்றோருக்குப் பொதுவாகப் பரிசோதனை தேவையில்லை. ஒட்டியிருந்தால் இருவருக்கும் தேவை.

இடமாற்றம் இருக்கிறதென்று தெரிந்தால் கலங்க வேண்டாம். அப்படி இருப்பவர்களில் பலர் நல்ல குழந்தை பெற்றிருக்கிறார்கள். அடுத்த கர்ப்பத்தில் 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துக் குழந்தையின் குரோமோசோம்களைப் பார்க்கலாம். அப்புறம், கூடப்பிறந்தவர்களிடமும் சொல்லுங்கள். அவர்களுக்கும் அது இருக்கலாம்.