நாய் மாத்திரையைக் கிளிக்குக் கொடுக்காதீர்கள்

டர்பனில் தீபாவளியும் நவம்பர் 5 வெடி இரவும் ஒட்டியே வரும். அந்த நாட்களில் எங்கள் கிளினிக்கில் மிரண்ட நாய்களும் கிளிகளும்தான். இந்த முறை வந்த ஒரு ஆப்பிரிக்கச் சாம்பல் கிளியை என்னால் மறக்க முடியவில்லை. பயத்தில் நெஞ்சு இறகைப் பிடுங்கிக்கொண்டதாம். நாயின் அரிப்புக்கு வாங்கிய பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை உடைத்து, பத்து நாள் பப்பாளிக்குள் வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். வந்தபோது வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. காற்றுப் பைகளில் ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை. காப்பாற்ற முடியவில்லை. இந்த வருஷம் இது மூன்றாவது கிளி.

"எடைக்கு ஏற்பக் குறைத்துத்தானே டாக்டர் கொடுத்தோம்?"

இந்தக் கணக்குதான் தப்பு. கிளி குட்டி நாய் இல்லை. இந்த மாத்திரை உடலின் சொந்த அழுத்த ஹார்மோனைப் போல வேலை செய்வது. நமக்கும் நாய்க்கும் முக்கிய அழுத்த ஹார்மோன் கார்ட்டிசால், பறவைக்குக் கார்ட்டிகோஸ்டிரோன். இவை ரத்தத்தில் பெரும்பாலும் கல்லீரல் செய்யும் சிபிஜி என்ற புரதத்தில் ஏறித்தான் போகும், நம் ஊர் மினிபஸ் டாக்சியில் போவதுபோல. இறங்கி நடப்பதுதான் செல்லுக்குள் நுழையும். மனிதரில் அது சுமார் 5 சதவீதம். நமக்குப் பாலியல் ஹார்மோன்களுக்கென்று வேறு வண்டி உண்டு. பறவைகளுக்கு அது கிடையாது. டெஸ்டோஸ்டிரோனும் இதே சிபிஜியில்தான் இடம் பிடிக்க வேண்டும். சில பறவையினங்களில் பயமோ பட்டினியோ வந்தால் இருக்கைகளே குறைந்துவிடும். எல்லோரும் கேட்கும் "அந்த ஊசி", டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு, இந்த வண்டியில் ஏறுவதே இல்லை.

பறவைகள் ஸ்டீராய்டைத் தாங்காததற்கு இந்தப் புரதம் மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். அவற்றின் நோய் எதிர்ப்பு மிகச் சீக்கிரம் சரிந்துவிடும், அப்புறம் பூஞ்சைக்குக் கதவு திறந்த மாதிரி. ஆனால் உடலின் ஏற்பாடே வேறாக இருக்கும்போது எடையை மட்டும் வகுத்துப் பார்த்து என்ன பயன்?

கிளிக்குக் கார்ட்டிசால் டெஸ்ட் எடுக்கச் சொல்லியும் வற்புறுத்தாதீர்கள். அது அளப்பது வேறு ஹார்மோன். சரியான ஹார்மோனையே அளந்தாலும், கையில் பிடித்த மூன்று நிமிடத்துக்குள் ரத்தம் எடுக்காவிட்டால் பிடித்த பயம்தான் எண்ணாக வரும்.

ஸ்டீராய்டு கலந்த கண் சொட்டு, களிம்பு எதையும் நீங்களாகக் கிளிக்குப் போடாதீர்கள். வெடி இரவில் கூண்டை உள்ளறைக்கு மாற்றி, பாதி மூடி, சின்ன விளக்கு ஒன்றை எரியவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை கொடுத்திருந்தால் தயவுசெய்து மறைக்காதீர்கள், நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். டப்பாவோடு கிளியை அன்றைக்கே கொண்டு வாருங்கள். நான் திட்டமாட்டேன்.