ஏசி வாரண்டி: கம்பெனியும் கடையும் கைவிரித்தால் என்ன செய்வது?

எங்கள் தெருவில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் வீட்டு ஏசி, வாங்கிய பதினோராவது மாதத்தில் குளிர்விப்பதை நிறுத்திவிட்டது. பழுதுபார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல், "கேஸ் இறங்கிடுச்சும்மா, நாளைக்கு சிலிண்டரோட வரேன், போனுக்கு வந்திருக்கிற ஓடிபியை மட்டும் சொல்லுங்க" என்றார். அவரும் சொல்லிவிட்டார். அந்த நான்கு இலக்கங்கள் பதிவானதும் கம்பெனிக் கணக்கில் புகார் 'தீர்க்கப்பட்டது' என்று முடிந்துபோனது. மறுநாள் யாரும் வரவில்லை. இதேபோல் மூன்று முறை நடந்து, நான்காவது முறை ஆள் வந்தபோது வாரண்டி முடிந்து ஒன்பது நாள் ஆகிவிட்டதென்று கூறிக் கேஸ் நிரப்பப் பணம் கேட்டார்கள். வேலை முடிந்து, அறை குளிர்ந்ததை நீங்களே உணர்ந்த பிறகு மட்டுமே அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

இத்தகைய குறைகளுக்கு உதவுவது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் அளிக்கக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமில்லை, கம்பெனியின் தலைமையகம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். மக்கள் இடறி விழுவது இதற்கு முன்பும் பின்பும் உள்ள படிகளில்தான்.

முதல் பொறி, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வரும் '10 ஆண்டு வாரண்டி'. அது பெரும்பாலும், கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரஸர் என்ற ஒரே பாகத்துக்கு உரியது. முழு இயந்திரத்துக்கும் வாரண்டி பல மாடல்களில் ஓராண்டுதான். கம்ப்ரஸரை இலவசமாகத் தந்தாலும் அதை மாற்றும் கூலி, கேஸ், வண்டிச் செலவு ஆகியவற்றை உங்கள் தலையில் கட்டுவார்கள். ஆகவே விற்பனையாளர் வாயால் சொல்லும் உறுதியை நம்பாமல், காயில் (கேஸ் ஓடும் குழாய்ச் சுருள்), பிசிபி (மின்னணுப் பலகை), கேஸ் ஒவ்வொன்றுக்கும் எத்தனை ஆண்டு என்று பணம் கட்டும் முன்பே வாரண்டி அட்டையில் படித்துக்கொள்ளுங்கள். கூடுதலாக எதையேனும் ஒப்புக்கொண்டால் அதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். பில் தராமல் விற்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று இந்தச் சட்டம் சொல்கிறது.

அந்தப் பில் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளலாம் என்று யாரோ சொன்ன யோசனையைக் கேட்டு, படுக்கையறை ஏசியைத் தங்கள் கடையின் பெயரில் வாங்குகிறவர்கள் உண்டு. வழக்கு என்று வரும்போது எதிர்த்தரப்பு எடுத்தவுடன் வைக்கும் வாதம், 'இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, இவர் நுகர்வோரே அல்ல' என்பதாகத்தான் இருக்கும். மகன் பெயரில் பில் இருந்து, அவர் சம்மதத்துடன் பெற்றோர் பயன்படுத்துவதில் சிக்கல் இல்லை, அவர்களும் நுகர்வோரே.

அடுத்தது பராமரிப்பு. சரியாகப் பராமரிக்கவில்லை என்பது கம்பெனிக்கு எளிதில் கிடைக்கும் சாக்கு. அதை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. உள்ளே இருக்கும் பில்டரைக் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, நிழலில் உலர்த்தி மாட்டுங்கள். வெளியே இருக்கும் பெட்டியைச் சுற்றிக் காற்றோட்டத்தை அடைக்கும்படி துணியோ சாமானோ வைக்காதீர்கள். பொருத்தியவர் தந்த ரசீதையும், ஒவ்வொரு சர்வீஸின்போதும் மெக்கானிக் எழுதும் ஜாப் ஷீட்டையும் பில்லோடு சேர்த்து வையுங்கள்.

கேஸ் விஷயத்தில் மக்கள் ஏமாறுவதைப் பார்த்துப் பார்த்து மனம் புழுங்கியிருக்கிறேன். ஏசியில் உள்ள கேஸ் பெட்ரோலைப் போல ஓட ஓடத் தீர்ந்துபோவதில்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அது குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் ஆண்டுதோறும் நிரப்பிவிட்டுப் போவது பழுதுபார்ப்பு ஆகாது. நைட்ரஜனை ஏற்றிச் சோப்பு நுரை தடவிக் கசிவைப் பார்த்தாரா, பிறகு குழாயில் உள்ள காற்றை உறிஞ்சியெடுத்து வேக்யூம் செய்தாரா, எடை பார்த்து நிரப்பினாரா என்று கேளுங்கள். எந்த கேஸ், எவ்வளவு எடை என்பது வெளிப்பெட்டியில் ஒட்டிய தகட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும். தராசு கொண்டு வராதவர் நிரப்பியது எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது. கசிவு எங்கே என்பதை ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். பின்னாளில் அதுவே உங்கள் சாட்சி.

இத்தனைக்குப் பிறகும் கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி சர்வீஸ் சென்டரைக் கைகாட்டும், சர்வீஸ் சென்டர் பொருத்தியவரைக் குறை சொல்லும். இந்தச் சுற்றில் மாதங்கள் கரைகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தால் கம்பெனியிடம் பேசிப் பார்ப்பார்கள், சில சமயம் அதிலேயே தீர்ந்தும் விடும். ஆனால் கம்பெனிக்கு உத்தரவிடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. அங்கே பதிந்துவிட்டோம் என்று காத்திருப்பது ஆபத்து, ஏனெனில் பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் ஆணையத்துக்குப் போக வேண்டும் என்ற கெடு அதற்காக நிற்பதில்லை.

ஆகவே நாள், புகார் எண், வந்தவர் என்ன சொன்னார் என்பதை வரிசையாக எழுதி, 15 நாள் அவகாசம் கொடுத்து, கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூவருக்கும் சேர்த்தே ஒப்புகையுடன் அஞ்சலில் அறிவிப்பு அனுப்புங்கள். வழக்கிலும் மூவரையும் சேர்க்க வேண்டும். ஒருவரை விட்டால் மற்ற இருவரும் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நழுவுவார்கள். வாரண்டிக்குள் புகார் பதிந்திருந்தால், அது தீராமலேயே காலம் முடிந்துவிட்டாலும் அந்தப் பழுதுக்கான பொறுப்பு முடிந்துவிடாது. ஆசிரியை தன் போனில் வந்த குறுஞ்செய்திகளை அழிக்காமல் வைத்திருந்ததால் மூன்று புகார் எண்களையும் அறிவிப்பில் எழுத முடிந்தது. மூன்றாவது வாரத்தில் காயிலைப் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள்.

அறிவிப்புக்கும் அசையாவிட்டால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்திலோ நேரிலோ புகார் அளியுங்கள். எதிர்த்தரப்பு அறிவிப்பைப் பெற்றதிலிருந்து 3 மாதத்தில், பொருளை ஆய்வகத்தில் சோதிக்க வேண்டியிருந்தால் 5 மாதத்தில், முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், வாய்தா மேல் வாய்தா விழுவதை எதிர்பார்த்தே போங்கள். ஒரு வாய்தாவுக்குக்கூட வராமல் இருந்துவிடாதீர்கள், வராதவரின் வழக்கு தள்ளுபடியாகலாம். உத்தரவு கிடைத்த பின்னும் பணம் தானாக வந்துவிடாது. கெடு கடந்தும் கொடுக்காவிட்டால் உத்தரவை அமல்படுத்தக் கோரி அதே ஆணையத்தில் நிறைவேற்று மனு போடுங்கள். உத்தரவை மீறுவோருக்கு ஒரு மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையோ, 25,000 முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க 72ஆம் பிரிவு இடமளிக்கிறது.