இருக்கிற ஃபைலை இல்லையென்று சொல்லும் லினக்ஸ்

தோவாளைப் பூச்சந்தையில் விலை நின்ற இடத்தில் நிற்காது. விடியற்காலையில் ஒரு விலைக்குப் போன பிச்சிப்பூ, வெயில் ஏறியதும் வேறு விலை. அங்கே கடை வைத்திருக்கும் உறவுக்காரர் ஒருவரின் மகன், நாகர்கோவிலில் கல்லூரியில் படிப்பவன், அப்பாவின் கணக்குக்காகப் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினான். பெயரையும் தமிழிலேயே வைத்தான்: பூவிலை. வீட்டில் விண்டோஸ் நோட்பேடில் எழுதி, பென்டிரைவில் போட்டுக் கடைக்குக் கொண்டுபோய், அங்கே இருந்த, உபுண்டு என்ற லினக்ஸ் வகை ஓடும் பழைய கணினியில் காப்பி செய்து, இயக்கும் அனுமதியும் கொடுத்துவிட்டான். டெர்மினலில் ./பூவிலை என்று அடித்தால் வந்த பதிலின் கடைசித் துண்டு, அப்படி ஒரு ஃபைலோ டைரக்டரியோ இல்லை என்றது.

"மாமா, ஃபைல் கண்ணு முன்னால கெடக்குல்லா? பெறவு ஏன் இல்லன்னு சொல்லுது?"

"மக்கா, அது உன் ஃபைலைச் சொல்லல. மொத வரியில ஒரு பேரு எழுதிப் போட்டிருக்கல்லா, அதத்தான் இல்லங்குது."

#! என்று தொடங்கி, ஸ்கிரிப்டை எந்த நிரல் ஓட்ட வேண்டும் என்று சொல்லும் அந்த முதல் வரியைப் படிப்பது பைத்தான் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். சிலர் ஷெல், அதாவது நாம் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், என்பார்கள். உண்மையில் அதைப் படிப்பது கெர்னல், அதாவது இயங்குதளத்தின் நடு மையம். அதுவும் மிகக் கறாராக, பைட் பைட்டாகப் படிக்கும். இது மனதில் பதிந்துவிட்டால், இந்த விஷயத்தில் லினக்ஸ் காட்டும் விசித்திரமான பிழைச் செய்திகளில் பாதிக்கு மேல் தானாகவே புரிந்துவிடும்.

டெர்மினலில் நாம் பேசுவது ஷெல்லிடம். ./பூவிலை என்று அடித்ததும் ஷெல் தன்னைப் போலவே இன்னொரு புராசஸை, அதாவது ஓடும் நிரலை, உண்டாக்குகிறது. அந்தப் புதிய புராசஸ் கெர்னலிடம் எக்ஸெக்வீ என்ற சிஸ்டம் காலை, அதாவது ஒரு வேண்டுகோளை, போடுகிறது. "என்னை அழித்துவிட்டு, என் இடத்தில் இந்த ஃபைலை ஓட்டு" என்பதுதான் அதன் பொருள். கெர்னல் ஃபைலைத் திறந்து, இயக்க அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, ஃபைலின் முதல் 256 பைட்டுகளை மட்டும் நினைவகத்தில் எடுத்துக்கொள்கிறது. மீதி ஃபைல் ஒரு பக்கமா, ஆயிரம் பக்கமா என்று அது கவலைப்படுவதில்லை.

தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளுக்கெல்லாம் கெர்னல் தனித்தனிக் கையாளிகளை வைத்திருக்கிறது. எடுத்த 256 பைட்டை அவற்றிடம் வரிசையாகக் காட்டி "இது உன்னுடையதா?" என்று கேட்கும். சி போன்ற மொழிகளில் எழுதி இயந்திர மொழிக்குக் கம்பைல் செய்த எல்ஃப் வகை ஃபைல் என்றால், முதல் பைட் 127 ஆகவும் அடுத்த மூன்றும் 69, 76, 70 ஆகவும் இருக்க வேண்டும். ஸ்கிரிப்ட் கையாளி பார்ப்பது இரண்டே பைட்: 35, 33. அதாவது # என்ற குறியும் ! என்ற குறியும். ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து எந்த வால் ஒட்டியிருந்தாலும் இந்த இரண்டு கையாளிகளும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. சந்தையில் லோடு ஏற்றுகிறவர் மூட்டையைப் பிரித்து உள்ளே மல்லியா அரளியா என்று பார்ப்பாரா? மேலே எழுதியிருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்து அந்த வண்டியில் தூக்கிப் போடுவார். கெர்னலும் அதே ரகம்தான்.

#! இருந்தால் ஸ்கிரிப்ட் கையாளி வேலையைத் தொடங்கும். பைட் 10, அதாவது லினக்ஸின் வரி முடிவு, வரும் வரைக்கும் எடுத்துக்கொள்ளும். கடைசியில் ஒட்டியிருக்கும் இடைவெளியையும் டேபையும் கிள்ளி எறியும். முன்னால் இடைவெளி இருந்தால் தாண்டிவிடும். அடுத்த இடைவெளி வரை உள்ளது இன்டர்பிரட்டரின், அதாவது ஸ்கிரிப்டைப் படித்து ஓட்டும் நிரலின், பெயர். அதற்குப் பிறகு மிஞ்சுவது எவ்வளவு நீளமாக இருந்தாலும், நடுவில் எத்தனை இடைவெளி இருந்தாலும், லினக்ஸில் அது ஒரே ஒரு ஆர்கியுமென்ட், அதாவது நிரலுக்குக் கூடவே கொடுக்கும் விவரம். மேற்கோள் குறி போட்டுப் பிரித்துக் காட்டலாமே என்றால், மேற்கோள் குறி என்ற ஒன்று இருப்பதே கெர்னலுக்குத் தெரியாது. அதெல்லாம் ஷெல்லின் சங்கதி.

அப்புறம் நடப்பதுதான் இதில் அழகான பகுதி. பையன் ./பூவிலை பிச்சி 40 என்று அடித்தான் என்று வைத்துக்கொள்வோம். முதல் வரி #!/யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3 -யூ. ஷெல் கொடுத்த ஆர்கியுமென்ட் பட்டியலில் முதலில் இருந்த ./பூவிலை என்பதைக் கெர்னல் எடுத்து எறிந்துவிட்டு, அந்த இடத்தில் மூன்றை நுழைக்கிறது: /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3, அடுத்து -யூ, அடுத்து ஸ்கிரிப்டின் பாதையான ./பூவிலை. அவற்றின் பின்னால் பிச்சியும் 40-உம் பழையபடி. இப்போது ஓட்ட வேண்டிய ஃபைல் பைத்தான்3 என்று மாறிவிட்டது. அதன் முதல் 256 பைட்டைப் படித்து, கையாளிகளிடம் காட்டும் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. இந்த முறை 127, 69, 76, 70 கிடைக்கும். எல்ஃப் கையாளி ஏற்றுக்கொள்ளும். பைத்தான் எழுந்ததும், யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூடவே ஒரு ஃபைலையும் கொடுத்து அழைத்ததாகவே நினைத்துக்கொள்ளும். இன்டர்பிரட்டரே இன்னொரு ஸ்கிரிப்டாக இருந்தாலும் இதே சுற்றுதான். ஆனால் சில அடுக்குகளுக்கு மேல் போனால் கெர்னல் பிழை சொல்லி நிறுத்திவிடும்.

பைத்தான் அதே ஃபைலை முதல் வரியிலிருந்து மறுபடி படிக்கும் அல்லவா, அப்போது #! அதற்கு உறுத்தாதா? உறுத்தாது. பைத்தான், பெர்ல், ரூபி, பாஷ் எல்லாவற்றிலும் #-க்குப் பின்னால் வருவது குறிப்புரை. ஜாவாஸ்கிரிப்டில் # அப்படியில்லை என்பதால், அந்த மொழியின் 2023 தர வரையறையில் இந்த முதல் வரிக்கென்றே இலக்கண விதி சேர்த்தார்கள். இன்டர்பிரட்டர் என்று எழுதும் இடத்தில் எதை எழுதினாலும் கெர்னல் கேள்வி கேட்காது. #!/பின்/கேட் என்று எழுதினால் ஸ்கிரிப்ட் தன்னையே திரையில் அச்சடிக்கும். #!/பின்/ஆர்எம் என்று எழுதி ஓட்டினால் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். விளையாட்டுக்கு ஒரு முறை செய்து பார்க்கலாம், முக்கியமான ஃபைலில் வேண்டாம்.

சரி, பையனுடைய ஃபைலில் என்ன கோளாறு? விண்டோஸில் ஒரு வரி முடியும்போது 13, 10 என்று இரண்டு பைட் விழும். கெர்னல் 10 வரை எடுத்து, இடைவெளியையும் டேபையும் மட்டும்தான் கிள்ளியது. 13 அப்படியே தங்கிவிட்டது. ஆக, கெர்னல் தேடியது பைத்தான்3 என்ற ஃபைலை அல்ல, பைத்தான்3-க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு பைட் ஒட்டிய ஃபைலை. அப்படியொன்று எந்தக் கணினியிலும் இல்லை. கெர்னல் திருப்பித் தருவது ஒற்றைப் பிழை எண் மட்டுமே. எந்த ஃபைல் இல்லை என்று அது சொல்வதில்லை. பாஷ் என்ற ஷெல் கொஞ்சம் நல்ல மனசுக்காரன், அந்த எண் வந்ததும் தானே ஃபைலைத் திறந்து முதல் வரியைப் பார்த்து, இன்டர்பிரட்டர் சரியில்லை என்று சேர்த்துச் சொல்ல முயலும். வேறு சில ஷெல்கள் அதுவும் செய்யாது.

முதல் வரியில் நேரடிப் பாதைக்குப் பதில் #!/யூஎஸ்ஆர்/பின்/என்வ் பைத்தான்3 என்று எழுதும் வழக்கமும் உண்டு. பைத்தான் எந்த அடைவில் (டைரக்டரியில்) இருந்தாலும் என்வ் தேடிப்பிடித்துத் தரும் என்பதற்காக. அப்போது 13 ஒட்டிக்கொள்வது ஆர்கியுமென்டின் வாலில். கெர்னல் என்வை ஒழுங்காக ஓட்டிவிடும், புகார் என்வின் வாயிலிருந்து வரும். ஒரே நோய், இரண்டு விதமான முனகல். என்வுக்கு இரண்டு மூன்று ஆர்கியுமென்ட் கொடுக்க நினைத்தாலும் கெர்னல் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி ஒரே ஆர்கியுமென்டாகக் கொடுத்துவிடும். அதை உள்ளே பிரித்துக்கொள்வதற்காகவே, 2018-இல் வந்த குனு கோர்யூட்டில்ஸ் 8.30-இல் என்வுக்கு -எஸ் என்ற தேர்வைச் சேர்த்தார்கள்.

தமிழில் குறிப்புரை எழுதுகிறவர்களுக்கு இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. பழைய நோட்பேடில் தமிழ் எழுத்து போட்டால் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்க முறையில் சேமிக்க வேண்டும். அப்படிச் சேமித்தால் ஃபைலின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று மூன்று பைட்டை அது தானாகவே சேர்த்துவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பு முதல்தான் அந்த ஒட்டு இல்லாமல் சேமிப்பது இயல்பானது. எடிட்டரில் திறந்தால் முதல் எழுத்து # என்றே தெரியும். கெர்னலுக்கோ முதல் பைட் 239. ஸ்கிரிப்ட் கையாளி "என்னுடையது இல்லை" என்கிறது, எல்ஃப் கையாளியும் கைவிரிக்கிறது. இந்த ஃபைல் வகை எனக்குப் புரியவில்லை என்ற பிழை எண்ணோடு எக்ஸெக்வீ திரும்பி வருகிறது.

அந்தப் பிழை வந்தால், ஷெல்லுக்கு ஒரு பழைய வழக்கம்: இது ஷெல் ஸ்கிரிப்டாக இருக்கலாம் என்று தானே வரி வரியாக ஓட்டத் தொடங்கும். ஃபைலில் இருப்பதோ பைத்தான். இம்போர்ட் என்று தொடங்கும் வரியை ஷெல் ஒரு கட்டளையாக எடுத்துக்கொள்ளும். இமேஜ்மேஜிக் என்ற படக் கருவியை நிறுவியிருக்கும் கணினியில் அதே பெயரில் நிஜமாகவே ஒரு கட்டளை உண்டு, திரையைப் படம் பிடிப்பதற்கு. பூ விலை கேட்டவனுக்கு மவுஸ் அம்பு கூட்டல் குறியாக மாறி நிற்கும். எங்காவது கிளிக் செய்தால், இம்போர்ட் செய்ய நினைத்த மாட்யூலின் பெயரில் ஒரு படம் அடைவில் வந்து உட்காரும். வைரஸ் என்று நினைத்துக் கணினியை ஃபார்மேட் செய்தவர்கள் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

#! எழுதவே மறந்த ஷெல் ஸ்கிரிப்ட் டெர்மினலில் ஓடுவதும் இந்தப் பழைய வழக்கத்தின் தயவால்தான். அதே ஃபைலை, லினக்ஸில் பின்னணி வேலைகளை ஓட்டும் சிஸ்டம்டியின் சர்வீஸில் போட்டால் ஓடாது. நடுவில் ஷெல் இல்லை, கெர்னல் சொன்ன பிழையே நேராக வந்து நிற்கும். "கையால் ஓட்டினால் ஓடுகிறது, சர்வீஸாகப் போட்டால் ஓடவில்லை" என்று யாராவது சொன்னால் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு பைட்டைத்தான்.

இந்த ஏற்பாட்டை யுனிக்ஸ் கெர்னலில் எழுதியவர், சி மொழியைத் தந்த டென்னிஸ் ரிச்சி. 1980 ஜனவரியில் பெல் ஆய்வுக்கூடத்திலிருந்து இதைப் பற்றி மின்னஞ்சலில் அறிவித்தார். அதற்கு முன் ஸ்கிரிப்ட் என்பது முழுக்க ஷெல்லின் பொறுப்பு, கெர்னலுக்கு அதில் பங்கே இல்லை.

அந்த 256 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. லினக்ஸில் நெடுங்காலமாக அது 128 தான். முதல் வரி அதைவிட நீண்டால் கெர்னல் சத்தமில்லாமல் வெட்டிவிடும். அப்படி வெட்டுவது ஆபத்து, பிழை சொல்வதே நல்லது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். நியாயமான யோசனைதான். ஆனால் 2019 தொடக்கத்தில் நிக்ஸ்ஓஎஸ் என்ற லினக்ஸ் வகையின் பயனர்களுடைய கணினிகளில் பெர்ல் ஸ்கிரிப்டுகள் படுத்துவிட்டன. அவற்றின் முதல் வரியில் நீண்ட பாதைகள் வரிசையாக இருந்தன. கெர்னல் வெட்டினாலும் பெர்ல் முதல் வரியைத் தானே மறுபடி முழுதாகப் படித்துக்கொள்ளும் என்பதால் அதுவரை எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் திருத்தத்தைத் திரும்பப் பெற்றார். பிறகு 5.1 கெர்னலில் அளவு 256 ஆனது.

ஆங்கிலத்தில் பெயர் வைப்பவர்களுக்கு 256 தாராளம். நமக்கு அப்படியில்லை. யூடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். தோவாளைப் பூச்சந்தை என்ற அடைவுப் பெயரில் நம் கண்ணுக்கு 9 எழுத்துதான். கணினிக்கு, கால், கொம்பு, புள்ளியெல்லாம் சேர்த்து 17 குறியீடு, நடுவிலுள்ள இடைவெளியோடு 52 பைட். அதற்குள் பைத்தானின் மெய்நிகர்ச் சூழல் ஒன்றை, அதாவது ஒரு வேலைக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் அடைவை, உருவாக்கினால், பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப் அங்கே வைக்கும் கருவிகளின் முதல் வரியில் இந்த முழுப் பாதையும் வர வேண்டும். நீளத்தைக்கூட விடுங்கள், அந்த இடைவெளி போதும் வரியை உடைக்க. கெர்னல் தோவாளைப் என்பதோடு இன்டர்பிரட்டர் பெயர் முடிந்தது என்று நினைத்துவிடும். பிப் இதை முன்கூட்டியே பார்த்து, பாதையில் இடைவெளி இருந்தாலோ வரி நீண்டுவிட்டாலோ #!/பின்/எஸ்ஹெச் என்று எழுதி ஷெல் வழியாகச் சுற்றிப் போகிறது. கையால் எழுதுகிறவர்களுக்கு அந்த வசதி இல்லை.

இன்னொரு கேள்வி அடிக்கடி வரும்: ஒரு நிரலை யார் ஓட்டினாலும் அதன் உரிமையாளரின் அதிகாரத்தில் ஓடச் செய்யும் செட்யுஐடி அனுமதியை ஸ்கிரிப்டுக்குக் கொடுத்தால் ஏன் பலிப்பதில்லை? கெர்னல் ஸ்கிரிப்டைத் திறந்து பார்க்கிறது, ஆனால் இன்டர்பிரட்டருக்குக் கொடுப்பது பாதையை மட்டும்தான். இன்டர்பிரட்டர் அந்தப் பாதையில் போய் ஃபைலை மறுபடி திறக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கண நேரம் இருக்கிறது. அதற்குள் யாராவது அந்தப் பெயரில் வேறு ஃபைலை மாட்டி வைத்தால், உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடுவது அவர்களுடைய ஃபைல். அதனால் லினக்ஸ் ஸ்கிரிப்டுகளில் அந்த அனுமதியைக் கண்டுகொள்வதே இல்லை.

பையனுடைய ஸ்கிரிப்டில் 13-ஐ எல்லாம் டாஸ்2யுனிக்ஸ் கருவியால் நீக்கியதும் அது ஓடிவிட்டது. ஓடும்போது, புராசஸ்களின் விவரம் காட்டும் /ப்ராக் அடைவில் பார்த்தால், ஓடும் ஃபைல் பைத்தானாக இருக்கும், புராசஸின் பெயர் மட்டும் ஸ்கிரிப்டின் பெயராக இருக்கும், ஏனென்றால் கெர்னல் முதலில் கேட்ட ஃபைலின் பெயரையே அங்கே எழுதுகிறது. அதற்கு 15 பைட்தான் இடம். பூவிலை என்பது 18 பைட். லகரத்துக்கு முன்னால் நிற்கும் ஐகாரக் கொம்பு சேமிப்பு வரிசையில் கடைசியில் வருவதால் அதுதான் வெட்டுப்பட்டு, பூவில என்று நிற்கும். புராசஸ்களைப் பெயரால் தேடும் பீக்ரெப்பில் பூவிலை என்று தேடினால் கிடைக்காது, முழுக் கட்டளை வரியிலும் தேடச் சொல்லி -எஃப் போட வேண்டும். என்வ் வழியாக ஓட்டியிருந்தால் அந்தப் பூவில கூட மிஞ்சாது. என்வ் தானே இன்னொரு எக்ஸெக்வீ போடுவதால் பெயரும் பைத்தான்3 என்றே மாறிவிடும்.